கோட்டை போனது, வாசல் நின்றது: உயிரணுவின் கதவைப் பற்றி நாம் ஏன் கேட்க வேண்டும்?

கடந்த பள்ளி விடுமுறையில் ஜாசினில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மகன் படிவம் நான்கு, அறிவியல் பிரிவு. மகள் இன்னும் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள். ஒரு நாள் இருவரையும் மலாக்கா பண்டா ஹிலிருக்கு அழைத்துச் சென்றேன். ஆ ஃபாமோசா வாசலுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது சின்னவள் கேட்டாள்: "அக்கா, சுவரே காணோம். வாசல் மட்டும் எதுக்கு நிக்குது?"

நல்ல கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர் கட்டிய கோட்டை அது. 1641இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். வாசலை அவர்கள் இடிக்கவில்லை. பழுதுபார்த்து, தங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னத்தையும் 1670 என்ற ஆண்டையும் அதன் மேல் பொறித்துத் தங்கள் வாசலாக ஆக்கிக்கொண்டார்கள். 1807இல் ஆங்கிலேயர்கள் கோட்டையை இடிக்கத் தொடங்கினார்கள். மதில் போனது, இந்த ஒரு வாசல் தப்பியது. சின்னவளுக்குத் திருப்தி.

அன்று இரவு அவள் அண்ணன் உயிரியல் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு இன்னொரு கேள்வி கேட்டான். "அக்கா, மைட்டோகாண்ட்ரியாவுக்கு ரெண்டு சவ்வுன்னு போட்டிருக்கு. உள்ள அவ்வளவு என்சைம் இருக்குதே, அதெல்லாம் எப்படி உள்ள போச்சு?"

நான் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. இந்தக் கேள்விக்கான பதிலைச் சென்ற தவணையில்தான் ஒரு முழு விரிவுரையாகக் கேட்டிருந்தேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "அதெல்லாம் எஸ்.பி.எம்.மில் வராது. நீ குறிப்பை எழுதிட்டுப் போய்த் தூங்கு."

அவனும் எழுதிவிட்டுத் தூங்கிவிட்டான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பதில் தெரியாமல் நான் அப்படிச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் தெரிந்த பதிலைத் தமிழில் சொல்ல வார்த்தை வரவில்லை. அந்தக் கூச்சத்தை மறைக்க 'தேர்வில் வராது' என்று ஒரு மாணவனின் வாயை அடைத்துவிட்டேன். இந்தக் கட்டுரை அவனுக்கு நான் கடன்பட்டிருக்கும் பதில். அவனைப்போல் கேட்டு, என்னைப்போன்றவர்களால் அடக்கப்பட்ட மற்ற மாணவர்களுக்கும்தான்.

கேள்வியின் கனம்

முதலில், அந்தக் கேள்வி ஏன் நல்ல கேள்வி என்று பார்ப்போம். மைட்டோகாண்ட்ரியா 'உயிரணுவின் மின்நிலையம்' என்று எல்லாரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். மனித உடலில் அந்த மின்நிலையத்துக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைப் புரதங்கள் வேலை செய்கின்றன. அதற்கென்று சொந்தமாக ஒரு சிறு மரபணுத் தொகுப்பும் உண்டு. ஆனால் அதில் 13 புரதங்களுக்கான குறிப்பு மட்டுமே இருக்கிறது. மற்ற அனைத்தும் வெளியே, உயிரணுவின் பொதுவெளியில், ரைபோசோம்களில் தயாராகி உள்ளே போக வேண்டியவை. ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்து 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் ஆராய்ந்த பட்டறையில் சரக்கு தயாராகிறது. அங்கிருந்து அது சேர வேண்டிய இடத்துக்கு எப்படிப் போகிறது என்பதுதான் நம் பையனின் கேள்வி.

சவ்வு கொழுப்பால் ஆனது. புரதம் பெரியது, கொழுப்புக்குள் நேராகப் புகுந்து வர அதனால் முடியாது. பெரிய ஓட்டையாகப் போட்டுவிட்டால் புரதம் போகும், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் ஒழுகிவிடும். ஆகவே ஒரு கதவு வேண்டும். யார் உள்ளே வரலாம் என்று அது அடையாளம் காண வேண்டும், வழிவிட வேண்டும், மற்ற நேரத்தில் ஒழுகாமலும் இருக்க வேண்டும்.

துறைமுகமும் ஷாபண்டாரும்

இதைப் புரிந்துகொள்ள மலாக்காப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. நம் வரலாற்றுப் பாடத்திலேயே அதற்கு உவமை இருக்கிறது.

மலாக்கா சுல்தான் ஆட்சியில் துறைமுகத்துக்கு நான்கு ஷாபண்டார்கள் இருந்தார்கள். குஜராத் வணிகர்களுக்கு ஒருவர். தென்னிந்தியா, வங்காளம், பெகு, பாசாய் பகுதிகளிலிருந்து வந்தவர்களுக்கு ஒருவர். ஜாவா, மாலுக்கு போன்ற தீவுகளிலிருந்து வந்தவர்களுக்கு ஒருவர். சீனா, சம்பா பக்கமிருந்து வந்தவர்களுக்கு இன்னொருவர். வருகிறவர் யார் என்று தெரிந்துகொண்டு உரிய வழியில் அனுப்புவது அவர்கள் வேலைகளில் ஒன்று.

மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்விலும் இப்படிப்பட்ட அதிகாரிகள் இருக்கிறார்கள். புரதத்தின் ஒரு முனையில் சிறு அடையாளத் துண்டு ஒட்டியிருக்கும். அஞ்சல் முகவரியில் 77000 என்றால் ஜாசின், 78000 என்றால் அலோர் காஜா என்று அஞ்சல்காரருக்குத் தெரிகிறதல்லவா, அதுபோல. போக வேண்டிய இடத்தின் முகவரி புரதத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டியவர் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் குந்தர் புளோபெல். 1999இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் டோம் 20 என்ற புரதம் முனையில் அடையாளத் துண்டு உள்ளவற்றைப் பிடித்துக்கொள்கிறது. அடையாளம் உடலுக்குள்ளேயே பரவியிருக்கும் வேறு வகைப் புரதங்களை டோம் 70 கவனிக்கிறது. ஆளுக்கு ஏற்ற ஷாபண்டார்.

அவர்கள் பிடித்துக் கொடுப்பதை உள்ளே விடும் கதவின் பெயர் டோம் 40. அது ஒரு பீப்பாய். தச்சர் பலகைகளை வளைத்து வட்டமாக அடுக்குவதுபோல், 19 புரத இழைகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு துவாரத்தை உண்டாக்குகின்றன. முழு வடிவத்தில் மடிந்த புரதம் அதற்குள் நுழையாது. மெல்லிய பட்டுப்புடவையைப் பிரித்து, நுனியைப் பிடித்து மோதிரத்துக்குள் இழுப்பதுபோல் அது நீண்ட இழையாக உள்ளே போகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் நடுப்பகுதிக்குப் போக வேண்டியது என்றால் உட்சவ்விலும் இன்னொரு கதவைத் தாண்ட வேண்டும். உள்ளே போனதும், பெரும்பாலானவற்றுக்கு அந்த முகவரித் துண்டு வெட்டி எடுக்கப்படும். பிறகு உதவிப் புரதங்களின் துணையோடு மீண்டும் மடிந்து வேலைக்குப் போகும்.

பையன் கேட்டதற்கு நேரான பதில் இவ்வளவுதான். ஐந்து நிமிடம். நான் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் அவனுக்குக் கொடுக்கவில்லை.

பழைய வாசல், புதிய சின்னம்

அடுத்து வரும் பகுதி எனக்கு இன்னும் பிடித்தது. இந்தக் கதவு எங்கிருந்து வந்தது?

மைட்டோகாண்ட்ரியாவும் இலையில் இருக்கும் பசுங்கணிகமும் ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியாக்கள். இன்னொரு உயிரணுவுக்குள் புகுந்து அங்கேயே குடியிருந்துவிட்டவை. அமெரிக்க அறிவியலாளர் லின் மார்குலிஸ் 1967இல் இந்தக் கருத்தை விரிவாக முன்வைத்தபோது பலர் ஏற்கவில்லை. இன்று அது பாடநூல் செய்தி. குடியேறிய பாக்டீரியாவின் மரபணுக்களில் பெரும்பகுதி காலப்போக்கில் உயிரணுவின் கருவுக்கு இடம் மாறிவிட்டது. அதனால் ஒரு சிக்கல் வந்தது. முன்பு வீட்டுக்குள்ளேயே சமைத்துக்கொண்டிருந்தவர் இப்போது வெளியிலிருந்து சாப்பாடு வாங்க வேண்டும். சாப்பாடு உள்ளே வர வாசல் வேண்டும்.

இங்கே ஒரு தடயம் உண்டு. பீப்பாய் வடிவப் புரதங்கள் சவ்வில் முக்கியமாக மூன்று இடங்களில் காணப்படுகின்றன: கிராம்-நெகட்டிவ் வகைப் பாக்டீரியாவின் வெளிச்சவ்வு, மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வு, பசுங்கணிகத்தின் வெளிச்சவ்வு. மூன்றுக்கும் ஏதோ உறவு இருக்க வேண்டும் என்று தோன்றுகிறதல்லவா?

2003இல் அந்த உறவு வெளிப்பட்டது. மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவில் ஓ.எம்.பி. 85 என்ற புரதம் இல்லாவிட்டால் மற்றப் பீப்பாய்களை வெளிச்சவ்வில் பொருத்தவே முடியவில்லை என்று கண்டார்கள். அதாவது, அது கதவு பொருத்தும் தச்சன். ஈ.கோலை பாக்டீரியாவில் இதே தச்சனுக்கு பாம்-ஏ என்று பெயர். ஏறக்குறைய அதே நேரத்தில் ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரியாவிலும் இதே குடும்பத்துத் தச்சன் ஒருவன் கிடைத்தான். பெயர் சாம் 50. டோம் 40 என்ற கதவைச் சவ்வில் பொருத்துவது இந்த சாம் 50தான். இன்னொரு சோதனையும் நடந்தது. பாக்டீரியாவின் பீப்பாய்ப் புரதத்தை ஈஸ்ட்டுக்குள் தயாரிக்க வைத்தார்கள். ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரியா அதைத் தன் வெளிச்சவ்வில் சரியாகப் பொருத்திக்கொண்டது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரிந்திருந்த பிறகும் தச்சனுக்கு அந்தப் பழைய மரவேலை மறக்கவில்லை.

பசுங்கணிகத்தில் கதை இன்னும் சுவையானது. அங்கே புரதத்தை உள்ளே விடும் கதவு டோக் 75. அதுவும் இதே தச்சன் குடும்பம். பாக்டீரியாவில் அந்தக் குடும்பம் உள்ளேயிருந்து வருகிற சரக்கை வெளிச்சவ்வில் பொருத்துகிறது. பசுங்கணிகத்தில் வெளியிலிருந்து வருவதை உள்ளே விடுகிறது. பழைய கருவிக்குப் புதிய வேலை, எதிர்த் திசையில். போர்த்துகீசியர் வாசல் மேல் டச்சுக்காரர் தங்கள் சின்னத்தைப் பொறித்தது எனக்கு ஞாபகம் வந்தது இங்கேதான்.

உவமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். டச்சுக்காரர்களுக்குத் தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியும். உயிரணுவுக்கு அப்படித் திட்டம் ஏதும் கிடையாது. தலைமுறை தலைமுறையாகச் சிறு மாற்றங்கள் வந்தன; உதவியது நிலைத்தது, உதவாதது மறைந்தது. டோம் 40கூட இந்தத் தச்சன் குடும்பம் இல்லை. அதே வெளிச்சவ்வில் சிறு மூலக்கூறுகளுக்கு வழிவிடும் ஒரு சாதாரணத் துவாரப் புரதத்தின் உறவுக்காரன் அது. எல்லா வாசலும் ஒரே மாதிரி உருவாகவில்லை. கையில் கிடைத்ததைக் கொண்டு ஆகிவந்ததுதான் பரிணாமம்.

பால்மரத்தின் தளிரில்

இதெல்லாம் எங்கோ ஆய்வுக்கூடத்தில் நடப்பது என்று நினைக்க வேண்டாம். இந்நாட்டின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் 1896இல் தான் சாய் யான் என்பவரால் மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில் உருவானது. அதன் பிறகுதான் தோட்டங்கள் பெருகின. நம் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டிமார் பலர் அந்தத் தோட்டங்களை நம்பிக் கப்பலேறினார்கள். இன்று பல இடங்களில் செம்பனை வந்துவிட்டது. பால்மரம் இன்னும் நிற்கும் இடங்களில் ஆண்டின் தொடக்கத்தில் இலை உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும். சில வாரங்களில் அது பச்சையாகும்.

அந்தச் செம்பு பச்சையாக மாறும் நாட்களில் இலைக்குள் பசுங்கணிகங்கள் முழுமை அடைகின்றன. ஒரு பசுங்கணிகத்துக்கு இரண்டாயிரம் முதல் மூவாயிரம் வகைப் புரதங்கள் தேவை. அதில் நூறுக்கும் குறைவானவற்றையே அது சொந்தமாகத் தயாரிக்கிறது. மற்றவை எல்லாம் வெளிச்சவ்வின் வாசல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். என் தாத்தா நாற்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். தளிர் பச்சையாவதைப் பார்த்து வேலைக் கணக்குப் போட்டவர். அந்தப் பச்சைக்குப் பின்னால் இப்படி ஒரு வாசல் இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நான் சொல்லும் வயதுக்கு வரும்முன் அவர் போய்விட்டார்.

பிஸ்கட் டின்னில் இருந்த மாத்திரை

பாட்டி இருக்கிறார். அவரிடம் நடந்ததைச் சொல்கிறேன்.

பாட்டியின் அறையில் ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. கிளினிக்கில் கொடுத்த மருந்தில் மிஞ்சியதெல்லாம் அதில் இருக்கும். காய்ச்சல் போனதும் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிடுவார். பக்கத்து வீட்டில் யாருக்காவது தொண்டை வலித்தால் அதிலிருந்து இரண்டு எடுத்துக் கொடுப்பார். நல்ல மனசுதான். பலமுறை "தப்பு பாட்டி" என்று சொல்லியிருக்கிறேன். கேட்டதில்லை.

இந்த முறை வேறு மாதிரி சொன்னேன். "பாட்டி, சில கிருமிக்கு ரெண்டு சுவரு. வெளிச்சுவத்துல சின்னச் சின்ன வாசல் இருக்கு. மருந்து அது வழியாத்தான் உள்ள போகும். ஆயிரம் கிருமியில ஒண்ணு ரெண்டுக்கு வாசல் குறுகலா இருக்கும், இல்ல கம்மியா இருக்கும். தேவையில்லாம மருந்து போடறப்ப பெரிய வாசல்காரன் எல்லாம் செத்துப் போவான். குறுகல் வாசல்காரன் மட்டும் மிஞ்சிக் குட்டி போடுவான்."

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அந்தக் குறுகல் வாசல்காரனை நான்தான் வளத்து விட்டேனா?"

மறுநாள் டின்னைக் காலி செய்து மாத்திரைகளை மருந்தகத்தில் ஒப்படைக்கக் கொடுத்தார். பரிணாமம் என்ற சொல்லை நான் ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. ஆனால் இயற்கைத் தேர்வு அவருக்குப் புரிந்துவிட்டது. ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களில் துவாரப் புரதங்கள் குறைவதும் மாறுவதும் மருந்துக்கு எதிர்ப்பு உண்டாகும் வழிகளில் ஒன்று என்பது உண்மையிலேயே நிறுவப்பட்ட செய்தி. அதனால்தான் ஆன்டிபயாட்டிக்கை மருத்துவர் சொன்னபடி மட்டும் சாப்பிட வேண்டும், சேர்த்துவைக்கவோ பகிரவோ கூடாது என்கிறார்கள்.

நம் மண்ணுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். மெலியோய்டோசிஸ் என்று ஒரு நோய் உண்டு. அதை உண்டாக்கும் பாக்டீரியா நம் பகுதி மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. காலில் காயத்தோடு சேற்றில் இறங்குபவருக்கு ஆபத்து, நீரிழிவு உள்ளவருக்கு இன்னும் அதிக ஆபத்து. தோட்ட வேலையும் நீரிழிவும் நம் குடும்பங்களில் எவ்வளவு சாதாரணம் என்று சொல்ல வேண்டியதில்லை. இது இரண்டு சவ்வு உள்ள கிருமி. பென்சிலின் உட்படப் பல சாதாரண மருந்துகளுக்கு இயல்பாகவே அடங்காது. மருந்தை எளிதில் உள்ளே விடாத வெளிச்சவ்வு அதற்குக் காரணங்களில் ஒன்று. 1911இல் ரங்கூனில் இந்நோயைக் கண்டுபிடித்து 1912இல் எழுதியவர்கள் இருவர்: ஆல்ஃபிரட் விட்மோர், சி.எஸ். கிருஷ்ணசாமி. பின்னர் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய ஸ்டான்டனும் ஃபிளெட்சரும் 1921இல் அதற்கு இப்போதைய பெயரைச் சூட்டினார்கள். விட்மோர் நோய் என்று அதை இன்றும் சொல்கிறார்கள். கிருஷ்ணசாமியின் பெயரை அநேகமாக யாரும் சொல்வதில்லை.

அதே வாசல், நம்பிக்கைக்கும் இடம் தருகிறது. 2019இல் டாரோபாக்டின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். அது பாக்டீரியாவின் தச்சனான பாம்-ஏவின் கையைக் கட்டிப்போடுகிறது. தச்சன் இல்லாவிட்டால் வெளிச்சவ்வு சீர்கெடும், கிருமி சாகும். உள்ளே போகவே தேவையில்லாமல் வாசலிலேயே அடிக்கும் மருந்து. அது இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை. ஆனால் வழி திறந்திருக்கிறது. நம் உடலிலும் வாசல் காவல் வேலை செய்கிறது. பிங்க்-1 என்ற புரதம் நல்ல மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சாதாரணமாகப் போய் அழிந்துவிடும். மைட்டோகாண்ட்ரியா பழுதானால் உள்ளே போக முடியாமல் டோம் வாசலில் நின்றுவிடும். அதுவே 'இது பழுது, அகற்று' என்ற அறிவிப்பு. அந்தப் புரதத்தின் மரபணுவில் குறை இருந்தால் இளம் வயதிலேயே பார்க்கின்சன் நோய் வரலாம்.

மூன்று மொழிகள், மூன்று சவ்வுகள்

இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

நான் தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்தேன். இடைநிலைப்பள்ளியில் மலாயில். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில். நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான் வருகிறோம். ஒவ்வொரு முறையும் தெரிந்ததைப் பிரித்து, இழையாக்கி, இன்னொரு வாசல் வழியாக உள்ளே போய், மீண்டும் மடித்துக்கொள்கிறோம். சிலர் முதல் வாசலிலேயே சிக்கிக்கொள்கிறார்கள். புகுமுக வகுப்பில் படிவம் ஒன்றுக்குத் தயாராகும்போது அமைதியாகிவிட்ட நல்ல மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அறிவியலை எந்த மொழியில் கற்பிப்பது என்று நாட்டில் விவாதம் ஓய்வதில்லை. 2003இல் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தது, பின்னர் மீட்டுக்கொள்ளப்பட்டது. 2016இல் இருமொழித் திட்டம் வந்தது. தமிழ்ப்பள்ளிகளில் அது வேண்டும் என்போரும் உண்டு, கூடாது என்போரும் உண்டு. இரு தரப்பின் கவலையும் எனக்குப் புரிகிறது. ஆனால் இரு தரப்பும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது: எந்த மொழியில் படித்தாலும், படித்ததை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர நமக்குத் தெரிகிறதா?

மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போன புரதத்தின் முகவரித் துண்டு வெட்டப்படுகிறது. அதற்கு இனி அது தேவையில்லை, திரும்பி வரப்போவதில்லை. நாம் திரும்பி வருகிறவர்கள். விடுமுறைக்கு வருகிறோம், தீபாவளிக்கு வருகிறோம், பாட்டியின் பிஸ்கட் டின் முன்னால் உட்காருகிறோம். அங்கே ஆங்கில விரிவுரைக் குறிப்பு எதற்கும் உதவாது.

"தமிழில் அதற்குச் சொல் இல்லை" என்று சிலர் சொல்வார்கள். நானும் அன்றிரவு அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மேலே நான் எழுதியதைப் பாருங்கள். சவ்வு, வாசல், தச்சன், பீப்பாய், துவாரம், முகவரி. ஒன்றும் புதிதில்லை. டோம் 40 போன்ற பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாம். மலாயிலும் அப்படித்தான் செய்கிறார்கள். குறை சொல்லில் இல்லை. சொல்லிப் பழகாததில் இருக்கிறது.

"தேர்வில் வராததைப் படித்து என்ன பயன்?" என்று இன்னும் சிலர் கேட்பார்கள். தேர்வு முக்கியம்தான், தோட்டத்துப் பிள்ளைக்கு எஸ்.பி.எம். முடிவு ஒரு வாசல், அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் படிவம் நான்கு பாடத்தில் பொருட்கள் சவ்வைக் கடப்பது பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது. துவாரப் புரதம், கடத்திப் புரதம் எல்லாம் அதில் உண்டு. 'இவ்வளவு பெரிய புரதமே எப்படிக் கடக்கும்?' என்று கேட்ட மாணவன் அந்த அத்தியாயத்தை மறக்கமாட்டான்.

செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, மாணவர்கள் ஒரு குறிப்பேட்டில் முக்கியக் கலைச்சொற்களை மூன்று மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவாருங்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் சொந்த உவமை ஒன்று சேருங்கள். இரண்டாவது, என்னைப்போல் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கோயில் மண்டபமோ தாமான் மண்டபமோ போதும். அந்தத் தவணையில் படித்ததில் ஒன்றைத் தமிழில் சொல்லுங்கள். சொல்லத் திணறும் இடத்தில்தான் உங்களுக்கே புரியாத இடம் இருக்கிறது என்று கண்டுகொள்வீர்கள். எனக்கு அப்படித்தான் ஆனது. மூன்றாவது, யாராவது கேள்வி கேட்டால் 'தேர்வில் வராது' என்று சொல்லாதீர்கள். தெரியாவிட்டால் 'தேடிப் பார்ப்போம்' என்று சொல்லுங்கள்.

இதை எழுதும் முன் தம்பிக்குத் தொலைபேசியில் அழைத்தேன். மன்னிப்புக் கேட்டு, டோம் 40, சாம் 50 கதையை முழுவதுமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு அவன் அடுத்த கேள்வியைப் போட்டான்.

"சரி அக்கா. எல்லாக் கதவையும் தச்சன் பொருத்துறான். தச்சனும் ஒரு பீப்பாய்தானே? அந்தத் தச்சனை யாரு பொருத்தினா?"

இந்த முறை நான் தட்டிக் கழிக்கவில்லை. ஏற்கெனவே சவ்வில் இருக்கும் பழைய தச்சன்தான் புதிய தச்சனைப் பொருத்துகிறான் என்று சொன்னேன். எந்த மைட்டோகாண்ட்ரியாவும் வெறுமையிலிருந்து உருவாவதில்லை. முன்பிருந்த ஒன்று வளர்ந்து, பிரிந்துதான் இன்னொன்று வருகிறது; பிரியும்போது வாசலும் தச்சனும் சேர்ந்தே போகின்றன. அம்மாவிடமிருந்து நமக்கு, பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு என்று பின்னோக்கிப் போனால், அந்தச் சங்கிலி அந்த முதல் பாக்டீரியா வரை எங்கும் அறுபடாமல் போகிறது.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இரு அக்கா, எழுதிக்கறேன்" என்றான். எந்த மொழியில் எழுதினான் என்று நான் கேட்கவில்லை.